விரல்ரேகை பார்த்து நம்புவோம்

தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறிக்கு நம் மேசையிலிருந்தே கட்டளையிட முடியுமா? முடியும். பலருக்கும் இரவு பகலாகப் பணிபுரியும் அத்தகைய கணிப்பொறியைச் 'சர்வர்' என்பார்கள். அதனுடன் தொடர்பு கொள்ள 'டெல்நெட்' என்னும் முறை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கியது. ஆனால் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைப் போல, கடவுச்சொல்லை வழியில் எவரும் படித்துவிடலாம்.

1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதனால் அங்கிருந்த டாட்டு இல்யோனன் என்பவர் 'எஸ்.எஸ்.எச்.' என்னும் முறையை வகுத்தார். இதில் செய்தி முழுவதும் சங்கேதமாக மாறிச் செல்கிறது.

இம்முறையில் இயங்கும் 'பட்டி' என்னும் இலவச மென்பொருளை சைமன் டாதம் என்பவர் எழுதினார். 1999 முதல் கிடைத்துவரும் இதில், பல சர்வர்களின் முகவரிகளைப் பட்டியலாகச் சேமித்து வைக்கலாம். வேண்டிய பெயரைச் சொடுக்கினால் போதும். வசதிதான்!

ஆனால் ஒரு சர்வருடன் முதன்முறை இணையும்போது, அதன் 'விரல்ரேகை'யைக் காட்டி, "இதை நம்பலாமா?" என்று மென்பொருள் கேட்கிறது. இன்று பெரும்பாலும் 43 எழுத்துகளும் எண்களும் கலந்த வரிசை அது. பலர் அதைப் படிக்காமலேயே 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள். இது தவறு என்பதே என் கருத்து.

ஏன்? நடுவில் ஒருவன், "நானே அந்த சர்வர்" என்று நடித்தால் என்ன ஆகும்? நம் கடவுச்சொல் சங்கேதமாகத்தான் செல்லும். ஆனால் நேரே அவனிடமே போய்ச் சேரும். சங்கேதத்தால் பயனில்லை அல்லவா? மறுமுறை முதல், சேமித்த ரேகையோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மென்பொருளே எச்சரிக்கும். முதல்முறை மட்டும் ஒப்பிட அதனிடம் எதுவும் இல்லை.

"ஒவ்வொன்றையும் சரிபார்க்க யாருக்கு நேரம்?" என்று கேட்கலாம். ஒரு சர்வருக்கு ஒரே தடவைதான். அதன் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சில நிமிடங்கள் போதும். பின்னர் எச்சரிக்கை வந்தாலும் அவரையே கேட்க வேண்டும். சர்வரைப் புதிதாக அமைத்ததாலும் ரேகை மாறியிருக்கலாம்.

மாணவர்களே! உங்களில் பலர் நாளை மருத்துவமனை, வங்கி முதலியவற்றின் சர்வர்களைப் பராமரிக்கக்கூடும். பிறருடைய நோய்க் குறிப்பும் சேமிப்பும் அவற்றில் இருக்கும். முகவரிகளை மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். யாரை நம்புவது என்பதை நாமே விசாரித்து முடிவு செய்வோம்.