ஓய்வுக்காலப் பணம்: எந்த மடையை எப்போது திறப்பது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். இலத்தூர்க் குளத்தை நம்பி நெல் நடுகிறவர்களுக்கு அது வருஷச் சாப்பாடு. குளம் எவ்வளவு பெருகியது என்று பார்ப்பதோடு விவசாயி நின்றுவிடுவதில்லை. எந்த மடையை எப்போது திறப்பது, அறுவடை வரை தண்ணீர் தாங்குமா என்றும் கணக்குப் பார்க்கிறார்.

ஓய்வு பெறுகிறவர் கைக்கு வரும் மொத்தப் பணமும் ஒரு குளம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. ஊர்க் குளத்துக்கு அடுத்த வருஷமும் மழை பெய்யும். இந்தக் குளத்துக்குத் தண்ணீர் வருவது ஒரே ஒரு தடவை.

"அண்ணாச்சி, பணம் வந்திருக்கு. எந்தப் பண்டுல போட்டா நல்லா வரும்?" என்று கேட்காதவர் இன்று இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பென்ஷன் போன கதை

முன்பெல்லாம் சர்க்கார் உத்தியோகம் என்றால் சாகும் வரை பென்ஷன் என்று அர்த்தம். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனில் சேர்க்காமல், பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தார்கள். மத்திய சர்க்கார் 2004 ஜனவரி 1 முதல் இதே வழியில் போயிற்று.

தனியாரிடம் வேலை பார்த்தவர்கள் நிலைமை இன்னும் மெலிவு. பிராவிடண்ட் பண்டு பென்ஷனில் குறைந்தபட்சத் தொகையாக 2014-ல் நிர்ணயிக்கப்பட்டது மாதம் 1,000 ரூபாய். இந்த வட்டாரத்தில் பீடி சுற்றியே குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்கள் எத்தனையோ பேர். அந்த 1,000 ரூபாயில் ஒரு மாதத்தை ஓட்ட முடியுமா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கோ பெரும்பாலும் பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. கொண்டுவந்த சேமிப்புதான் எல்லாம்.

ஆகவே, சர்க்காரும் முதலாளியும் செய்துவந்த கணக்கை இனி அவரவரே செய்ய வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் மியூச்சுவல் பண்டு எனப்படும் பரஸ்பர நிதி வாசலில் வந்து நிற்கிறது. மாதத் தவணையாக நாட்டு மக்கள் இந்த நிதிகளில் போடும் தொகை 2024 ஏப்ரலில் முதன்முறையாக 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

1964-ல் பிறந்த யூனிட்

நம் நாட்டுக்கு இது புதுச் சரக்கு அல்ல. 1963-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத்தின்படி யூனிட் டிரஸ்ட் பிறந்தது. 1964-ல் "யூனிட் 64" விற்பனைக்கு வந்தது. முகமதிப்பு 10 ரூபாய். சர்க்கார் பக்கத்தில் நிற்கிறது என்ற நம்பிக்கையில் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் ஓய்வு பெற்றவர்களும் அதில் பணம் போட்டார்கள். வருஷந்தோறும் டிவிடெண்ட் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

உள்ளே பங்குகள் நிறைந்திருந்தன. யூனிட்டின் விலையோ உண்மையான சொத்து மதிப்பை ஒட்டி நிர்ணயிக்கப்படவில்லை. 2001 ஜூலையில், யூனிட் 64-ஐ வாங்குவதும் விற்பதும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்படுகிறது என்று திடீரென்று அறிவித்தார்கள். மருந்துக்கும் கல்யாணத்துக்கும் அதை நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். பிறகு சர்க்கார் தலையிட்டது. 2003-ல் யூனிட் டிரஸ்டே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. எஞ்சிய யூனிட்டுகள் 6.75 சதவிகித வட்டிப் பத்திரங்களாக மாற்றப்பட்டன.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, பெயரை நம்பாமல் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, தேவைப்படும் நாளில் எடுக்க முடியாத பணம், கணக்குப் புத்தகத்தில் எவ்வளவு இருந்தாலும் கைக்கு உதவாது.

நான்கு வகை

இன்று செபியின் கண்காணிப்பில் நிதிகள் நடக்கின்றன. ஒவ்வொரு வேலை நாளும் யூனிட்டின் மதிப்பை வெளியிட வேண்டும். திட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஓய்வு பெற்றவர் அறிய வேண்டிய வகைகள் நான்குதான்.

பங்கு நிதி: கம்பெனிப் பங்குகளில் போடுவது. நீண்ட காலத்தில் விலைவாசியை முந்த வாய்ப்புள்ளது. நடுவில் பாதியாகச் சரியவும் கூடும்.

குறியீட்டு நிதி: இதுவும் பங்கு நிதியே. ஆனால் சென்செக்ஸ், நிப்டி போன்ற பட்டியலில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைப்பது. ஆராய்ச்சிச் செலவு இல்லாததால் கட்டணம் குறைவு.

கடன் பத்திர நிதி: சர்க்கார், கம்பெனிகளின் கடன் பத்திரங்களில் போடுவது. ஏற்ற இறக்கம் குறைவு. ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2020 ஏப்ரல் 23 அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் ஆறு கடன் நிதித் திட்டங்களை ஒரே நாளில் மூடியது. 25,000 கோடி ரூபாய்க்கு மேல் அதில் இருந்தது. பணம் பின்னால் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியவில்லை. தவிர, 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கும் இத்தகைய நிதிகளின் லாபம், மற்ற வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உள்ளாகிறது. வங்கி டெபாசிட்டைவிட வரியில் இருந்த சலுகை போய்விட்டது.

கலப்பு நிதி: பங்கும் பத்திரமும் கலந்தது. வீழ்ச்சி கொஞ்சம் மட்டுப்படும். உயர்வும் அப்படியே.

போடுவது வேறு, எடுப்பது வேறு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உத்தியோகத்தில் இருப்பவர் மாதம் 1,000 ரூபாய் போடுகிறார். யூனிட் விலை 100 ஆனால் 10 யூனிட் கிடைக்கும். விலை 50-க்கு இறங்கினால் 20 யூனிட் கிடைக்கும். வீழ்ச்சி அவருக்கு லாபம்.

ஓய்வு பெற்றவர் எடுக்கிறவர். அவர் 10 லட்சம் ரூபாய்க்கு, 100 ரூபாய் வீதம் 10,000 யூனிட் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் எடுக்க 100 யூனிட் விற்றால் போதும். விலை 50 ஆகி ஒரு வருஷம் அப்படியே கிடந்தால் மாதம் 200 யூனிட் விற்க வேண்டும். வருஷ முடிவில் மிச்சம் 7,600 யூனிட். பிறகு விலை மறுபடி 100-க்கு ஏறினாலும் அவரிடம் இருப்பது 7,60,000 ரூபாய்தான். அவர் எடுத்துச் செலவழித்தது 1,20,000. குறைந்ததோ 2,40,000. விற்ற யூனிட் திரும்பி வராது.

மாதத் தவணையில் போடும்போது கைகொடுத்த அதே கணக்கு, மாதத் தவணையில் எடுக்கும்போது காலை வாருகிறது. ஓய்வு பெற்ற முதல் சில வருஷங்களில் வீழ்ச்சி வந்தால் சேதம் அதிகம். ஆகவே "எது அதிகம் தரும்?" என்பதற்கு முன் கேட்க வேண்டியது இதுதான்: "சந்தை விழுந்த வருஷத்தில் என் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும்?"

வீழ்ச்சி கற்பனை அல்ல. 2008 ஜனவரியில் 21,000 புள்ளியைத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 9,000-க்கும் கீழே வந்தது. பழைய உயரத்தை எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்டது, மார்ச்சில் 26,000-க்குக் கீழே இறங்கியது. ஜப்பானின் கதை இன்னும் கடுமை. 1989 டிசம்பரில் நிக்கெய் குறியீடு எட்டிய உயரத்தை மறுபடி கடக்க 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்துநான்கு வருஷம்!

வட்டியை மட்டும் நம்பலாமா?

"அப்படியானால் எல்லாவற்றையும் தபால் ஆபீஸில் போட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விலைவாசி வருஷம் 6 சதவிகிதம் ஏறினால் 12 வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும். 60 வயதில் மாதம் 10,000 ரூபாய்க்கு நடந்த குடும்பத்துக்கு 72 வயதில் 20,000 வேண்டும். வட்டி ஏறாமல் அப்படியே நிற்கும். மருந்துச் செலவு நிற்காது.

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். முதல் வருஷம் மொத்தத்தில் 4 சதவிகிதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனால் பணம் 30 வருஷம் தாங்கும் என்பது அதன் சாரம். அது அந்த நாட்டின் பங்குச் சந்தைக்கும் விலைவாசிக்கும் போட்ட கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு எச்சரிக்கை அதில் இருக்கிறது. 10 லட்சத்துக்கு 4 சதவிகிதம் என்றால் மாதம் சுமார் 3,300 ரூபாய்தான்! "லட்சம் லட்சமாக இருக்கிறதே" என்ற மயக்கம் இதில் தெளிந்துவிடும்.

30 லட்சத்துக்கு ஓர் உதாரணம்

இலத்தூரில் சொந்த வீட்டில் வசிக்கும், மில் வேலையிலிருந்து 60 வயதில் ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் 30 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 15,000.

முதல் மடை: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவிகிதமாகவும், உச்சவரம்பு 30 லட்சமாகவும் உயர்ந்தன. போட்ட நாளில் உள்ள வட்டி 5 வருஷத்துக்கு மாறாது. 8.2 விகிதத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,750 ரூபாய், அதாவது மாதம் 10,250 வரும்.

இரண்டாம் மடை: பற்றாக்குறை மாதம் 4,750. மூன்று வருஷப் பற்றாக்குறைக்கு, விலையேற்றத்தையும் சேர்த்துச் சுமார் 2 லட்சம். வைத்தியத்துக்கு 3 லட்சம். இந்த 5 லட்சமும் வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும். 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. வட்டியும் அந்த 5 லட்சத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுவது நல்லது.

மூன்றாம் மடை: மீதி 10 லட்சம் குறியீட்டு நிதியிலோ கலப்பு நிதியிலோ. இதை ஒரே நாளில் போடாமல் மாதங்களில் பிரித்துப் போடலாம். சந்தை உயர்ந்து மறுகால் பாயும் வருஷத்தில் இதிலிருந்து எடுத்து இரண்டாம் மடையை நிரப்ப வேண்டும். விழுந்த வருஷத்தில் இந்த மடையைத் தொடக் கூடாது.

எல்லோருக்கும் இதே விகிதம் பொருந்தாது. பென்ஷன் உள்ளவர் பங்கில் கொஞ்சம் அதிகம் வைக்கலாம். கடன் உள்ளவர் முதலில் கடனை அடைப்பதே மேல். மனைவி வயதில் இளையவர் என்றால் அவருடைய ஆயுளுக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் வாரிசு நியமனம் இருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

2013 ஜனவரி முதல் ஒவ்வொரு நிதித் திட்டத்திலும் நேரடிப் பிரிவு ஒன்று உண்டு. ஏஜெண்ட் மூலம் வாங்கும் பிரிவில் கமிஷன் அடங்கியிருக்கிறது. அது பில்லில் வராது. யூனிட் மதிப்பிலேயே அன்றாடம் கழிந்துவிடும். வித்தியாசம் 1 சதவிகிதம் என்றால் 10 லட்சத்துக்கு வருஷம் 10,000 ரூபாய். நல்ல ஆலோசனைக்குக் கூலி கொடுப்பதில் தப்பில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

"மாதாமாதம் டிவிடெண்ட் தரும் நிதி" என்ற ஆசைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2021 ஏப்ரல் முதல் செபி அதன் பெயரையே மாற்றச் சொல்லிவிட்டது. புதுப் பெயரில் "மூலதனத்தைத் திரும்ப எடுத்தல்" என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. நம் பணமே நமக்கு டிவிடெண்டாக வரக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லும் பெயர் அது.

மாதம் 3 வட்டி, 5 வட்டி தருகிறேன் என்று வருகிறவர்களைப் பற்றி இங்கே விவாதமே வேண்டாம். அப்படி ஏமாந்தவர்கள் பெருகித்தான் 1997-ல் டெபாசிட்தாரர்களைக் காக்க தமிழகத்தில் தனிச் சட்டமே வந்தது.

உழைத்துச் சேர்த்த பணம் ஊராரிடம் கை நீட்டாமல் வாழ்வதற்காக. அடுத்த வீட்டுக்காரரின் பண்டு 20 சதவிகிதம் ஏறியது என்று கேட்டு மனம் அலைய வேண்டாம். ஒரு காகிதத்தை எடுத்து மாதச் செலவை எழுதுங்கள். அது எந்த மடையிலிருந்து வரும் என்று பக்கத்தில் எழுதுங்கள். சந்தை சரிந்த வருஷத்துக்கும் அதே காகிதத்தில் பதில் இருந்தால், எந்த நிதி என்ற கேள்வியைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.