ஓசூரின் இரவுக்கு ஒரு விதி வேண்டும்

ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் இரவில் போகிறவர்கள் சாமந்தித் தோட்டங்களில் வரிசையாக பல்புகள் எரிவதைப் பார்த்திருப்பார்கள். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். செடி நன்றாகக் கிளைக்கும்வரை மொட்டு வரக்கூடாது என்பதற்காக விவசாயிகள் இரவில் சில மணி நேரம் விளக்கைப் போட்டு, நீண்ட இரவை இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். செடி ஏமாந்து இலை விட்டுக்கொண்டே இருக்கும். சந்தைத் தேதியைக் கணக்கிட்டு விளக்கை நிறுத்தினால் மொட்டு கட்டும்.

இரவு வெளிச்சம் உயிர்களின் காலக்கணக்கையே மாற்றும் என்பதைக் கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே வெளிச்சத்தைத் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் விடிய விடிய இறைத்தால் அதற்கு வளர்ச்சி என்று பெயர். சட்டமும் அப்படியே பார்க்கிறது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தில் இரைச்சல் 1987இல் சேர்க்கப்பட்டது. வெளிச்சம் இன்னும் சேரவில்லை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாசு என்றால் திட, திரவ, வாயுப் பொருள் மட்டுமே.

1970களில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையோடு தொடங்கிய தொழில் வளர்ச்சி இன்று போச்சம்பள்ளியில் ஓலா, நாகமங்கலம் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் என ராகி வயல்களுக்கு நடுவே பரவியிருக்கிறது. மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்இடி வந்தது. மின்சாரம் மிச்சம், சரி. ஆனால் வெள்ளை எல்இடியில் நீல ஒளி அதிகம். காற்றில் அதிகம் சிதறி வானை வெளுக்கச் செய்வது அந்த நீலம்தான். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறுங்கண்ணால் விண்மீன்களைப் பார்த்துப் பதிந்த தரவுகளை ஆராய்ந்தபோது, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சுமார் 9.6 சதவீதம் கூடியது தெரிந்தது. எட்டே ஆண்டில் இரட்டிப்பு.

நமக்கு வடமேற்கே, கர்நாடகத்தில், எலக்ட்ரானிக் சிட்டியும் அத்திப்பள்ளியும் இருக்கின்றன. காவிரி நீருக்காவது ஓர் ஆணையம் உண்டு. எல்லை தாண்டி வரும் வெளிச்சத்துக்கு அதுவும் கிடையாது. ஆனாலும் கர்நாடகத்தைக் குறை சொல்லிவிட்டு நம் விளக்குகளை மறந்துவிட முடியாது. ராகி விளையும் காலத்தில் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை யானைகள் வருகின்றன. வெளிச்சமும் சத்தமும் காட்டித்தான் அவற்றை விரட்டுகிறோம். அப்படியென்றால் வழித்தடத்தின் குறுக்கே இரவெல்லாம் எரியும் விளக்கு அவற்றை இன்னொருவர் வயலுக்குத் திருப்பிவிடக்கூடும் என்று ஏன் யாரும் யோசிப்பதில்லை? ராகியும் பகல் குறுகும்போது சீக்கிரம் கதிர் வைக்கும் பயிர். சாலை விளக்கடியில் அதன் விளைச்சல் என்ன ஆகிறது என்பதைப் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அளந்து சொல்லலாம்.

பக்கத்திலேயே ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிறது. வானியலாளர் வேணு பாப்பு 1960களில் தேர்ந்தெடுத்த இருட்டான இடம். அங்கே 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. காவலூரை நடத்தும் அதே நிறுவனத்தின் லடாக் ஆய்வகம் இருக்கும் ஹான்லே 2022இல் இருள்வான் காப்பகம் ஆனது. காவலூரைச் சுற்றி அப்படி ஒரு காப்பகம் வரவில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் இறங்கும் பேருந்து நிறுத்தம் இருட்டில் கிடக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது விளக்கின் முகம் தரையைப் பார்க்க வேண்டும் என்பதுதான். மதிற்சுவரில் கண்ணைப் பார்த்து அடிக்கும் ஃப்ளட்லைட்டுக்குப் பின்னால் ஆள் நின்றால் தெரியாது. கூச்சமில்லாத மிதமான வெளிச்சத்தில் தெரியும். பாதுகாப்பு என்ற வாதமே மூடியிட்ட விளக்கின் பக்கம்தான் நிற்கிறது.

பிரான்ஸ் 2018இல் வெளிப்புற விளக்குகளின் நிறத்துக்கும் வானை நோக்கிச் சிந்தும் ஒளிக்கும் வரம்பு வைத்தது. வேலை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் அலுவலக விளக்குகள் அணைய வேண்டும் என்றது. நமக்கு அவ்வளவு பெரிய சட்டம்கூட இப்போதைக்குத் தேவையில்லை. சிப்காட் மனை ஒதுக்கீட்டு ஆணையிலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவிலும் விளக்குக்கு ஒரு பிரிவு சேர்த்தால் போதும்: மேலே மூடி, 3000 கெல்வினுக்கு மிகாத மஞ்சள் சாயல், ஆளில்லாத நேரத்தில் மங்கும் வசதி, காவிரி வடக்கு, தெற்கு சரணாலயங்களை ஒட்டிய பகுதியில் இன்னும் கடுமையான அளவு.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. ஓடுபாதை விளக்குகளை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அதைச் சுற்றி முளைக்கப்போகும் கிடங்குகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் இனிமேல்தான் அனுமதி தரப்போகிறோம். நட்டுவிட்ட கம்பங்களை மாற்றுவதற்கு ஆகும் செலவை நினைத்துப் பார்த்து, தொழில்துறை அந்த விதியை இப்போதே எழுத வேண்டும்.