லேப்டாப் ஸ்லோவா? முதல்ல ஸ்டாப்வாட்சை எடுங்க!

மக்களே, நம்ம காலேஜ்ல ஷார்ட் ஃபிலிம் எடுக்கிற எல்லா டீம்லயும் ஒரு டயலாக் கண்டிப்பா இருக்கும்: "மச்சி, என் லேப்டாப் தாங்காதுடா." ரெண்டு வருஷமா அதை அதிகமா சொன்ன ஆள் நான்தான்.

என்னுடையது அண்ணன் 2017-ல வாங்கின லேப்டாப். ஐ5 ஏழாவது தலைமுறை, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போன வருஷம் ஜூன்ல, எட்டு நிமிஷப் படம் ஒன்றை எடிட் பண்ண முடியாம நான் புலம்பினதைக் கேட்டு அம்மா சொன்னாங்க: "அந்த ரெண்டு பவுன் செயினை அடகு வெச்சிரலாம்டா. படிப்புக்குத்தானே." நான் பார்த்து வெச்சிருந்த கேமிங் லேப்டாப் விலை 85,000 ரூபாய். உண்மையைச் சொல்லணும்னா, அது படிப்புக்கு இல்லை. அதனாலேயே அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

மறுநாள் கடைக்குப் போகாம ஒரு நோட்டை எடுத்தேன். போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு, எங்கெங்க காத்திருக்கேன்னு மூணு நாள் எழுதினேன். ஆன் ஆகி நிதானத்துக்கு வர 2 நிமிஷம் 40 நொடி. ப்ராஜெக்ட் திறக்க 4 நிமிஷம். டைம்லைன்ல ஒவ்வொரு தடவை பிளே அழுத்தும்போதும் திக்கித் திக்கி ஓடும். கடைசியா எக்ஸ்போர்ட், 52 நிமிஷம்.

இங்கேதான் என் கருத்து. காத்திருப்பு ரெண்டு வகை. ஒன்று, நாம கையைக் கட்டிட்டு ஸ்கிரீனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, நாம மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும்போது மெஷின் தனியா ஓடுவது. முதல் வகை யோசனையையே அறுத்துடும். ஒரு கட் சரியா விழுதான்னு பார்க்க பத்து நொடி ஆனா, பதினோராவது தடவை "போதும், இப்படியே இருக்கட்டும்"னு விட்டுடுவோம். படம் கெடுவது அங்கேதான். ரெண்டாவது வகைக்கு வேண்டியது பொறுமை மட்டும். ஆனா நாம காசு கொட்ட நினைப்பது பெரும்பாலும் அந்த எக்ஸ்போர்ட் நேரத்தைக் குறைக்கத்தான்!

முதல் வகைக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம். விண்டோஸ்ல கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வெச்சுட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்க. டிஸ்க் 100 சதவீதத்துல நின்னா, பிரச்சினை ஹார்ட் டிஸ்க். அது சுத்துற தட்டுல முள் தேடித் தேடிப் படிக்கிற சாதனம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி கொடுத்தா, சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி பக்கம் கொடுக்கும். மெமரி நிரம்பி வழிஞ்சா ரேம். ப்ராசஸர் வேகம் கொஞ்ச நேரத்துல தானே இறங்கினா, பெரும்பாலும் சூடு. ஃபேனைத் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாத்தினாலே பாதி சரியாகும்.

எனக்கு டிஸ்க், மெமரி ரெண்டுமே முட்டி நின்னுச்சு. ரிச்சி தெருவுல 500 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், மொத்தம் 5,400 ரூபாய். இப்போ ஆன் ஆக 20 நொடி, ப்ராஜெக்ட் திறக்க 35 நொடி. எக்ஸ்போர்ட்? 46 நிமிஷம். அதாவது பெருசா ஒன்னும் மாறலை. நான் அப்போ சாப்பிடப் போயிடுறேன், அவ்வளவுதான்.

டைம்லைன் திக்குறதுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகலை. போன்ல எடுக்கிற 4கே வீடியோ ரொம்ப நெருக்கிச் சுருக்கப்பட்டது. ஒரு ஃப்ரேமைக் காட்ட முன்பின் ஃப்ரேம்களையும் பிரிச்சுப் பார்க்கணும். பழைய மெஷின் அங்கே திணறும். டாவின்சி ரிசால்வ், பிரீமியர், கேடென்லைவ் எல்லாத்துலயும் ப்ராக்ஸி வசதி இருக்கு: சின்ன நகலை வெச்சு எடிட் பண்ணலாம், எக்ஸ்போர்ட் அசலில் இருந்து நடக்கும்.

அப்போ புதுசு வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. என் கிளாஸ்மேட் ஒருத்தி பிளெண்டர்ல 3டி பண்றா. சைக்கிள்ஸ்ல ஒரு ஃப்ரேமுக்கு 6 நிமிஷம். 10 நொடிக் காட்சின்னா 240 ஃப்ரேம். முழுசா 24 மணி நேரம். ஒரு தப்பு கண்ணுல பட்டா மறுபடியும் ஒரு நாள். அவளுக்கு கிராபிக்ஸ் கார்டு ஆடம்பரம் இல்லை. ஆனா அவளும் முதல்ல ஈவீக்கு மாறிப் பார்த்தா. 2025-ல சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் வாங்கின லாட்வியப் படம் 'ஃப்ளோ', இலவசமா கிடைக்கிற பிளெண்டர்ல, அதே ஈவீயில ரெண்டர் பண்ணினதுதான்.

இன்னொரு நியாயமான காரணம் பாதுகாப்பு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. என் ஏழாவது தலைமுறை ப்ராசஸர் விண்டோஸ் 11-க்கான பட்டியல்ல இல்லை. கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செஞ்சிருக்கேன். அது 2026 அக்டோபர் 13 வரை. அதுக்கப்புறம் லினக்ஸ். அங்கே ஒரு பள்ளம் இருக்கு, பார்த்துப் போங்க: ரிசால்வோட இலவசப் பதிப்பு லினக்ஸ்ல எச்.264 வீடியோவைத் திறக்காது. கேடென்லைவ் திறக்கும்.

ரேம் வாங்கும் முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல ஸ்லாட் காலியா இருக்கான்னு பாருங்க. பல மெல்லிய லேப்டாப்கள்ல ரேம் போர்டோடயே ஒட்டி வந்திருக்கும். 2025 கடைசியில இருந்து ரேம் விலை வேற எகிறிடுச்சு, ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிட்டுப் போறதால. அதனால நான் கொடுத்த விலையை நம்பிக் கடைக்குப் போகாதீங்க.

கடைசியா காலேஜுக்கு ஒரு வேண்டுகோள். டிசைன் சாப்ட்வேருக்காக நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின்கள் நம்ம லேப்ல இருக்கு. சாயங்காலம் நாலரைக்குப் பூட்டிடுறாங்க. வாரத்துல ரெண்டு ராத்திரி அதை ரெண்டருக்குத் திறந்துவிட்டா, "நல்ல லேப்டாப் இருக்கிறவன்தான் எடிட்டர்"ங்கிற நிலைமை நம்ம டீம்கள்ல மாறும். கையெழுத்து வாங்கிட்டு இருக்கேன், மெக்கானிக்கல் பிளாக் பக்கம் வந்தா போட்டுட்டுப் போங்க.

செயின் இன்னும் அம்மா கழுத்துலதான் இருக்கு. என் படம் அந்தப் போட்டியில பரிசு வாங்கலை. அதுக்கு லேப்டாப்பைக் குறை சொல்ல இப்போ வழியில்லை, ஸ்கிரிப்ட்டைத்தான் திருத்திட்டு இருக்கேன்.