மேசைமேல் ஓடும் இரயில்

காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து, இரயில் என்று பெயரிட்டுத் திண்ணையில் இழுத்து விளையாடுவது தென்பாண்டிச் சிறுவர்க்குப் பழகிய விளையாட்டு. தீப்பெட்டித் தொழில் செழித்த சிவகாசி வட்டாரத்தில் அந்த இரயிலுக்குப் பெட்டிப் பஞ்சம் ஏற்பட்டிருக்க முடியாது. ஆனால், அதே விளையாட்டை ஐம்பது வயது கடந்த ஒருவர் மரப்பலகையும் சிறு தண்டவாளமும் கொண்டு வீட்டில் தொடங்கினால் ஊரார் நகைப்பர். பேரன் ஆட வேண்டியதைத் தாத்தா ஆடுகிறார் என்பர். அந்நகைப்பு பொருந்தாது. தம் வட்டாரத்து இரயிலை நினைவிலிருந்து எடுத்துச் சிறு வடிவில் அமைக்க முயல்பவர், எவரும் எழுதி வைக்காத ஒரு வரலாற்றைக் கையால் எழுதுகிறார்.

ராயகிரியை எடுத்துக்கொள்வோம். தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிய பேரூர் அது. அங்கு இரயில் நிலையம் இல்லை. அவ்வூரார் இரயிலேற வேண்டுமாயின் சங்கரன்கோவிலுக்கோ இராசபாளையத்திற்கோ பேருந்தில் செல்ல வேண்டும். நாள்தோறும் காணும் பொருளைவிட, ஆண்டுக்கு ஓரிரு முறை காணும் பொருளே சிறுவர் நெஞ்சில் ஆழப் பதியும். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் சென்ற சிறுவனுக்கு, ஒன்பது நிலைக் கோபுரத்தோடு புகைவண்டியும் சேர்ந்தே நினைவில் நின்றிருக்கும்.

அவன் கண்ட வண்டி மீட்டர் பாதை வண்டி. விருதுநகரிலிருந்து சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. தென்காசியில் அது, 1904ஆம் ஆண்டிலேயே செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்தை எட்டிய பழைய பாதையோடு இணைந்தது. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட கொல்லம் மெயில் வண்டி நெடுங்காலம் இவ்வழியே ஓடியது. விருதுநகர் – தென்காசிப் பாதை 2004ஆம் ஆண்டு அகலப் பாதையாயிற்று. செங்கோட்டைக்கு மேற்கே மலையேறிய மீட்டர் பாதை வண்டிகள் 2010ஆம் ஆண்டு நின்றன. 2018இல் அங்கும் அகலப் பாதை வந்தது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் பாதையைக் காண விரும்புவோர் நீலகிரி மலை இரயிலுக்குத்தான் செல்ல வேண்டும்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. வண்டிகளின் விரைவு கூடிற்று. பாதை மாறும் இடத்தில் சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்றும் தொல்லை ஒழிந்தது. அதற்காக வருந்துவது அறிவுடைமை ஆகாது. ஆயினும், தண்டவாளத்தோடு எத்தனையோ சிறு பொருள்கள் பெயர்க்கப்பட்டன. கைகாட்டி மரங்கள், நீராவி எஞ்சினுக்கு நீர் வார்த்த குழாய்த் தூண்கள், ஓட்டுநர் எட்டிப் பிடித்துச் சென்ற பெரிய வளையங்கள், செங்காவி நிறப் பெட்டிகள் ஆகியவற்றை இன்றைய பள்ளிச் சிறுவர் கண்டதில்லை. அவற்றை இயக்கத் தெரிந்தவர்களோ முதுமை எய்திவிட்டனர்.

புகைப்படங்கள் இருக்கின்றனவே, அவை போதாவோ எனச் சிலர் கேட்கலாம். புகைப்படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். பார்ப்பவரும் அதற்குமேல் ஒன்றும் கேளாமல் அதை மடித்து வைத்துவிடுவார். சிறு வடிவம் செய்பவரால் அவ்வாறு இருக்க இயலாது. பெட்டியின் பின்புறத்தில் எத்தனை சாளரங்கள்? நிலையத்தின் கூரை ஓடா, கட்டுமானத் தளமா? நீர்த் தூண் நடைமேடையின் எந்த முனையில் நின்றது? அட்டையை வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் இவ்வினாக்கள் வரிசையாக வந்து நிற்கும். விடை தேடி அவர் ஓய்வு பெற்ற நிலைய அதிகாரியிடமும் பாயிண்ட்ஸ்மேனிடமும் செல்ல வேண்டும். தம் நினைவு எவ்வளவு பிழையானது என்பதும் அப்போதுதான் புலப்படும். ஆறு வயதில் மலைபோல் தோன்றிய எஞ்சின், அளவுகோலின்முன் அத்தனை பெரிதாக இராது.

அளவு பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். உலகெங்கும் மிகுதியாக வழங்கும் அளவு, மெய்ப்பொருளை 87இல் ஒரு பங்காகச் சுருக்குவது. அவ்வாறு சுருக்கினால் மீட்டர் பாதையின் 1,000 மில்லிமீட்டர் அகலம் ஏறத்தாழ 11½ மில்லிமீட்டர் ஆகும். கடைகளில் இதற்குப் பொருத்தமாக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. 21 மீட்டர் நீளத்துக்குச் சற்று மிகுந்த இன்றைய பயணிப் பெட்டி, ஒரு சாண் அளவினும் சிறிதே நீளும். இதுவரை கணக்கு எளிதுதான். இனித்தான் இடர் தொடங்குகிறது. இருபது பெட்டிகள் நிற்கும் நடைமேடைக்கு 5 மீட்டர் நீளம் வேண்டும். எத்தனை வீடுகளில் அத்தகைய அறை உண்டு? விருதுநகர் முதல் தென்காசி வரையுள்ள ஏறத்தாழ 120 கிலோமீட்டர் பாதையை முழுவதும் அமைக்கப் புகுந்தால், சுருக்கிய பின்னரும் 1,400 மீட்டர் வரும். பாதை வீட்டைக் கடந்து வயல்வெளிக்கே போய்விடும்!

எனவே, எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிந்தெடுக்க வேண்டும். ஆறு பெட்டி வண்டி போதும் என முடிவு செய்யலாம். சங்கரன்கோவில் நிலையம் ஒன்றையும் பாம்புக்கோவில் சந்தை நிலையம் ஒன்றையும் மட்டும் அமைத்து, இடையே கரிசல் நிலத்தையும் பருத்திக் காட்டையும் காட்டலாம். பின்புறச் சுவரில் மலைத்தொடரைத் தீட்டலாம். எல்லாவற்றையும் திணித்துப் பலகையைக் கடைவீதி ஆக்குவோர் பலர். அவர்தம் உழைப்பைப் பாராட்டலாமேயன்றி, அவர்தம் இரயிலை இன்ன ஊர் இரயில் என அடையாளம் காண இயலாது.

இரண்டு நிலையங்கள் அமைந்துவிட்டால் வேறோர் அரிய பாடமும் கிட்டும். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாதவாறு முன்னோர் கண்ட முறை வியப்புக்குரியது. இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பெற்ற ஒரு கருவி இருந்தது. இரு நிலையத்தாரும் மணியடித்து இசைந்த பின்னரே அதிலிருந்து ஓர் உலோகப் பந்து வெளிவரும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை மற்றொன்று எந்த முனையிலும் வாராது. அப்பந்தைத் தோற்பையில் இட்டு, வளையத்தில் கட்டி ஓட்டுநரிடம் கொடுப்பர். அது கைக்கு வாராமல் அவர் வண்டியை அடுத்த பகுதிக்குள் செலுத்தலாகாது. கைகாட்டி மரத்தின் கை கிடையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும், தாழ்ந்தால் செல்லலாம். பலகையின் இரு முனைகளில் இரு சிறுவரை அமர்த்தி, பந்துக்குப் பதில் ஒரே ஒரு கோலிக்குண்டைக் கொடுத்துவிட்டால் போதும். யார் வண்டி முதலில் செல்வது என்ற பூசல் அக்கோலிக்குண்டோடு தீர்ந்துவிடும்.

மின்சாரப் பாடமும் இதில் அடங்கும். சிற்றிரயில் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுவது. இரு தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரு வழிகள். திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். பாதையை வளைத்துத் தன்னோடே திருப்பி இணைத்தாலோ இரு வழிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இதனைப் புத்தகத்தில் படித்து மறப்பவர், ஒருமுறை வண்டி நின்றபின் மறவார்.

இக்கலை மேலை நாட்டில் வளர்ந்தது. ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் பாதையோடு கூடிய விளையாட்டு இரயிலைக் காட்சிக்கு வைத்தது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920இல் தம் இரயில்களை விற்கத் தொடங்கினார். நம் நாட்டிலும் புனே நகரில் பாவுசாகேப் ஜோஷி என்பார் ஆர்வத்தோடு உருவாக்கிய சிற்றிரயில் காட்சிக்கூடம் 1998ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. இவற்றுள் எல்லாம் கருத்தைக் கவர்வது இங்கிலாந்தின் பெண்டன் காட்சிக்கூடம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925ஆம் ஆண்டு வந்த ராய் இங்கிலாந்து என்பவர், அங்குள்ள சிற்றூர்களின் கூரை வீடுகள் மாறி மறைவதைக் கண்டார். மறையுமுன் அவற்றைச் சிறு வடிவில் பதிய வைக்க வேண்டுமெனத் துணிந்தார். 1954இல் அவர் தோற்றுவித்த கூடம் இன்றும் அவ்வூர்களின் பழைய தோற்றத்தை இரயிலோடு காட்டி வருகிறது. ஓர் அயலார் அங்குச் செய்ததை ராயகிரியிலும் கடையநல்லூரிலும் பிறந்தவர்கள் தம் மண்ணுக்குச் செய்யலாகாதா?

செய்ய முனைவோர் சிலர் பெருஞ்செலவில் அயல்நாட்டுப் பெட்டியை வாங்குகின்றனர். அதனுள் பனிமலையும் ஊசியிலை மரமும் கூர்ங்கூரை நிலையமும் ஆயத்தமாக இருக்கும். விலை மிகுதி; ஆனால் அதில் சங்கரன்கோவில் இல்லை. அட்டையும் பசையும் வண்ணமும் கொண்டு, ஓடாத வண்டியாயினும் நம் நிலையத்தைச் செய்பவரே மேலானவர். எஞ்சினைப் பிறகு வாங்கலாம், வாங்காமலும் விடலாம். பழைய பெட்டிகளை நேரில் காண விரும்புவோர்க்குச் சென்னைப் பெரம்பூரில் 2002ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இரயில் அருங்காட்சியகம் உண்டு. ஓய்வு பெற்ற தொழிலாளரின் சொல்லைக் கேட்பதற்குத்தான் காலம் குறைவு. அதை முதலில் செய்துவிடுவது நலம்.

தாத்தா மீட்டர் பாதையே வேண்டுமென்பார். பேரன் பொதிகை விரைவு வண்டி ஓடும் அகலப் பாதையைக் கேட்பான். ஒரே பலகையில் இரண்டையும் அருகருகே அமைக்கலாம். ஆனால், கடைகளில் எளிதில் கிடைக்கும் 16½ மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பியப் பாதைக்கு உரியது. நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டர், சுருக்கினால் 19 மில்லிமீட்டரைத் தாண்டும். அதைக் கையால்தான் அமைத்தாக வேண்டும். அமைத்தபின் இரு பாதைகளின்மேலும் அளவுகோலை வைத்துப் பார்க்கும் பேரனுக்கு, அவற்றிடையே உள்ள வேறுபாடு எட்டு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு என்பது தெரியவரும்.