வீட்டுக் கத்தரிக்குச் சந்தை விதை எதற்கு?

கெங்கவல்லிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் நாலு கத்தரிச் செடி வைக்க நினைப்பவரும், ஏக்கர் கணக்கில் போடும் விவசாயியும் ஒரே கடையில் ஒரே வீரிய ஒட்டு விதையை வாங்கினால், இருவரில் ஒருவருக்கு அது பொருந்தாது. ஒட்டு ரகம் சந்தைக்காக உருவானது. ஒரே நிறம், ஒரே அளவு, தூரம் போனாலும் வாடாத தோல், குறுகிய காலத்தில் மொத்த விளைச்சல் ஆகியவை வியாபாரிக்கு வேண்டியவை. வீட்டுக்கு வேண்டியதோ வாரம் இரண்டு முறை குழம்புக்குப் போதுமான காய், நாவுக்குப் பிடித்த ருசி, அடுத்த பட்டத்துக்குக் கையில் விதை. ஒட்டுச் செடியின் விதையைப் போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது; ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். ஆகவே வீட்டுத் தோட்டத்துக்கு நாட்டு ரகமோ, அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகமோதான் ஏற்றது.

நாட்டு விதையை மட்டம் என்று நினைக்கக் காரணமில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 வரிக்கத்தரியிலிருந்தும், மதுரை 1 கல்லம்பட்டிக் கத்தரியிலிருந்தும், பெரியகுளம் 1 புழுதிக் கத்தரியிலிருந்தும் வந்தவை. வேலூர் இலவம்பாடி முள் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் பேர் பெற்ற விதையைக் கொண்டுவந்தால் ருசியும் கூடவே வந்துவிடாது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதில் பங்குண்டு. சுவேத நதி மழைக்காலத்தில் மட்டுமே ஓடி, சித்திரையில் கிணறு இறங்கும் கெங்கவல்லிக்கு, வறட்சி தாங்கும் பெரியகுளம் 1 பொருத்தம். அதற்கும் முன்னால், அக்கம்பக்கத்துக் கொல்லையில் கோடையைத் தாண்டி நிற்கும் செடியின் விதையைக் கேட்டு வாங்குவது மேல். எண்ணெய்க் கத்தரிக்குச் சிறு காய், கடைசலுக்குச் சதைப்பற்றுள்ள பெருங்காய் என்று சமையலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாட்டு ரகம் குறைவாகக் காய்க்கும் என்பார்கள். இருக்கலாம், ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு செடியே போதும். காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்து உரமிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். புழு வருமே என்பது வலுவான எதிர்ப்பு. தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை முழுதாகத் தாங்கும் ரகம் ஒட்டிலும் இல்லை. அதற்காகவே மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்தது, கோ 2, மதுரை 1 போன்ற நம் ரகங்களிலும் அந்த மரபணுவைப் புகுத்தினார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. ஏக்கர் கணக்கில் போட்டவர் மருந்தைத் தேடுவது புரிகிறது. கொல்லையிலோ வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி அழித்து, துளை விழுந்த காயை அன்றே பறித்து எறிந்தால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

விதை கலந்துவிடும் என்பதும் உண்மையே. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்தாலும் தேனீ வந்தால் கலப்பு நேரும். விதைக்கென ஒரே ரகம் வைக்கலாம். அல்லது மொட்டு விரியுமுன் மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் அவிழ்க்கலாம். அந்தக் காயை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். தோட்டக்கலைத் துறையும் வீட்டுத் தோட்டத்துக்குத் தரும் விதைகளில் அந்தந்த வட்டாரத்து நாட்டுக் கத்தரியைப் பெயரோடு சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், இந்த ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடைக்குக் கிளம்புமுன் பக்கத்து வீட்டில் ஒரு பிடி விதை கேட்டுப் பாருங்கள்.