கல் பேசுகிறது, கேட்பார் யார்?

தலைநகர்த் தமிழருள் பலர் விடுமுறைப் பயணச் சலுகையில் தஞ்சைத் தரணிக்குச் செல்கின்றோம். சென்று காண்பது யாது? ஒன்பது கோள்களின் கோயில்களையும் ஒரே நாளில் முடித்துவிடும் ஓட்டம்! இடையில் பெரிய கோயிலுக்கு அரைமணி நேரம். நந்தியின்முன் ஒரு நிழற்படம்.

1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த அக்கோயிலின் சுவர்கள் வெறுங்கல் அல்ல, ஆவணக் காப்பகம். அரசனும் தமக்கை குந்தவையும் அளித்த கொடைகள், தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்கள், விளக்கொன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்ட இடையர் பெயர்கள் யாவும் ஆங்குத் தமிழில் உள்ளன. கோப்புகளோடு காலங்கழிக்கும் எம்போன்ற எழுத்தர்க்கு இதனினும் சீரிய கோப்பு வேறுண்டோ?

“பக்தியோடு வருவோர்க்குக் கல்வெட்டு எதற்கு?” என்பர் சிலர். விளக்கெரிய நெய் அளந்தவனை ஒருகணமும் நினையாது, அவ்விளக்கொளியில் தம் கோள்தோசம் தீர வேண்டுவது பக்தியன்று, வாணிகம்.

பழைய எழுத்து நமக்கு விளங்காது என்பதும் சாக்கே. பதிப்பித்த நூல்கள் உள. அடுத்த பயணத்தில் ஒரு கோயிலுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குவோம். இந்தியை முதலில் கற்கும் நம் பிள்ளைகளுக்கு அச்சுவரில் ஓர் எழுத்தையேனும் காட்டுவோம். பரிகாரம் வேண்டுவது கோள்களுக்கன்று, நம் மறதிக்கே!