இலவச ஷட்டரும் கைவிட்டுப்போன முகூர்த்தமும்

புதுக் கேமரா ஒன்று கடைக்கு வந்து சில மாதங்களிலேயே, அதைச் செய்த கம்பெனியே ‘இன்னின்ன வரிசை எண்களில் குறை இருக்கிறது, கொண்டுவந்து கொடுங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்’ என்று அறிவிப்பது இப்போது அபூர்வமில்லை. அறிவிப்பு வந்ததும் நம் தொழிலில் எழும் பேச்சும் பழகியதுதான். ஒரு சாரார் கம்பெனியைத் திட்டித் தீர்ப்பார்கள். இன்னொரு சாரார் ‘என் பாடி நல்லாத்தானே ஓடுது’ என்று சொல்லிவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். திட்டுவதில் நியாயம் குறைவு, தள்ளிப்போடுவதில் ஆபத்து அதிகம் என்பது நம் கருத்து. அதற்காகத் தள்ளிப்போடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடவும் முடியாது. இலவசப் பழுதுபார்ப்புக்கு நம்மைப் போன்ற சிறு ஊர்க்காரர் ஒரு விலை கொடுக்கத்தான் செய்கிறார்: கேமரா கையில் இல்லாத நாட்கள். ஷட்டருக்குக் காசு வாங்காத கம்பெனி அந்த நாட்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ரீகால் வேலை முடியும்வரை மாற்று பாடி ஒன்று தரவேண்டும் என்று நாம் சேர்ந்து கேட்க வேண்டும். அது கிடைக்கிறவரை நமக்குள்ளேயே அதற்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் திட்டுகிறவர்களின் கட்சியைப் பார்ப்போம். 2012 செப்டம்பரில் வந்த நிக்கான் டி600 பாடியில், சென்சார் மேல் கரும்புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருந்தன. படத்தின் இடது மேல் பகுதியில்தான் அதிகம். துடைத்தாலும் திரும்ப வந்தன. 2013 பிப்ரவரியில் கம்பெனி தந்த பதில், சுத்தம் செய்து பாருங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள் என்ற அளவிலேயே இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் புது ஷட்டருடன் டி610 வந்தது. பழையதை வாங்கியவர்களுக்கு வயிற்றெரிச்சல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்ற அறிவிப்பு 2014 பிப்ரவரி 26 அன்றுதான் வெளியானது. அடுத்த மாதம் 15ஆம் தேதி, உலக நுகர்வோர் உரிமை நாளில், சீன அரசுத் தொலைக்காட்சி இதைக் கிழித்துத் தொங்கவிட்டது. ஷாங்காயில் விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவும் வந்தது. பலமுறை சரிசெய்தும் தீராத பாடிகளுக்கு மாற்றாகப் புது பாடியோ இணையான மாடலோ தரப்படும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகே, மார்ச் மாத முடிவில் வந்தது. கேமரா கடைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஓடியிருந்தது.

இதே கம்பெனி 2023இல் நடந்துகொண்ட விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இசட்8 மே மாதம் விற்பனைக்கு வந்தது. சில பாடிகளில் லென்ஸ் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொள்வதில்லை என்று ஜூலையிலும், தோள்வார் மாட்டும் வளையம் கழன்றுவிடக்கூடும் என்று ஆகஸ்டிலும் அடுத்தடுத்து அறிவித்தார்கள். வரிசை எண்ணைக் கொடுத்தால் நம் பாடி பட்டியலில் உண்டா இல்லையா என்று சொல்லும் வசதியும் உடனே வந்தது. ‘மூணு மாசத்துல ரெண்டு ரீகால், இதெல்லாம் ஒரு கேமராவா’ என்று அப்போது கேலி செய்தவர்கள் உண்டு. ஒன்றரை ஆண்டு மழுப்பியதைவிட மூன்று மாதத்தில் இரண்டு முறை ஒப்புக்கொண்டது தொழிலுக்கு எவ்வளவோ நல்லது. குறையே இல்லாத முதல் வரிசையை எந்தக் கம்பெனியும் செய்துவிடவில்லை. 2012இல் கேனான் 650டி-யின் பிடி ரப்பர் வெளுத்துப்போய், தொடுகிறவர் கையில் ஒவ்வாமை வரலாம் என்று அவர்களும் அறிவித்தார்கள். அதே ஆண்டு 5டி மார்க் III பாடியில், மேல் திரையின் விளக்கு வெளிச்சம் இருட்டில் எக்ஸ்போஷர் அளவீட்டைப் பாதிக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார்கள். அறிவிப்பு விடும் கம்பெனியை ஏளனம் செய்தால், அடுத்த முறை அது வாயை மூடிக்கொள்ளத்தான் பார்க்கும்.

‘என் பாடி நல்லாத்தானே ஓடுது’ என்ற வாதம் இன்னும் வலுவானது, ஏனென்றால் பெரும்பாலும் அது உண்மை. பட்டியலில் உள்ள எல்லாப் பாடியும் கெட்டுப்போவதில்லை. ஆனால் ரீகால் அறிவிப்பு பேசுவது நேற்று எடுத்த படத்தைப் பற்றி இல்லையே. நிக்கான் டி750-இன் ஷட்டர் விவகாரத்தில், ஷட்டர் ஒழுங்காக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடக்கூடும் என்பதுதான் குறை. எந்த நேரத்தில் அப்படி ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மண்டபத்தில் வரிசையாக நிற்கும் உறவினர் கூட்டத்தை இன்னொரு முறை நிற்கச் சொல்லலாம். கட்டிய தாலியை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? அதோடு இந்தப் பட்டியல் வளர்கிற ஒன்று. 2015 ஜூலையில் முதல் அறிவிப்பு வந்தபோது, 2014 அக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் செய்த பாடிகள்தான் அதில் இருந்தன. 2016இலும் 2017இலும் அது மேலும் பல மாதங்களுக்கு விரிந்தது. முதல் தடவை எண்ணைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் இரண்டு ஆண்டு கழித்துப் பட்டியலுக்குள் வந்தார்கள். செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். அதே டி750-க்கு 2015 ஜனவரியில் வந்த ஃபிளேர் பிரச்சினையில், வேலை முடிந்த பாடியின் அடியில், டிரைபாட் திருகு போகும் குழிக்குள் ஒரு கரும்புள்ளி வைத்தார்கள். பாடியைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் கோலார் தங்கவயலுக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் சேர்ந்துகொள்கிறது. ஆடிக் காற்று எழும்போது, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து கிளம்பும் தூசி, ஆலையில் மாவாக அரைத்த கல்லின் தூசி. மேட்டின் அடிவாரத்தில் வெளிப்புறப் படம் எடுக்கப் போய் லென்ஸ் மாற்றினால் சென்சாரில் அது ஒட்டாமல் இருக்காது. டி600 போன்ற ஒரு குறையோடு போய் நிற்கும் கோலார் தங்கவயல்காரரிடம், ‘உங்க ஊர்த் தூசி சார்’ என்று சொல்லி அனுப்பிவிடுவது சர்வீஸ் கவுண்டரில் இருப்பவருக்கு மிகச் சுலபம். பதில் பேச்சில் இல்லை, படத்தில் இருக்கிறது. சென்சாரைச் சுத்தம் செய்து, எஃப்16-இல் வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் கலைத்து ஒரு படம் எடுங்கள். லென்ஸைக் கழற்றாமலே, வீட்டுக்குள்ளேயே சில நூறு படங்கள் சுட்டுவிட்டு, அதே வானத்தை மறுபடி எடுங்கள். புள்ளிகள் கூடியிருந்து, அதுவும் ஒரே மூலையில் கூடியிருந்தால், பாடிக்குள்ளிருந்து ஏதோ உதிர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். லென்ஸ் மாற்றிய பிறகு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் அது நம் மேட்டின் வேலை. தேதியோடு இந்த இரண்டு படங்களும் கையில் இருந்தால் கவுண்டரில் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

இனி நாட்களின் கணக்கு. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து, மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் ஏறி பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது இந்த ஊரின் வாழ்க்கையாகிவிட்டது. பாடியைக் கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என்று நாமும் அதே கூட்டத்தில் நசுங்கிப் போய்வரலாம். இடையில் உதிரிபாகம் வரும்வரை காத்திருக்கும் நாட்களுக்குத்தான் கணக்கில்லை. பெங்களூர்க்காரருக்கு அது ஆட்டோ தூரம். இரண்டாவது பாடி வைத்திருப்பவருக்கு அது ஒரு தொந்தரவு மட்டுமே. ஒரே நல்ல பாடியைத் தவணையில் வாங்கி ஓட்டுகிறவருக்கோ தையிலோ வைகாசியிலோ ஆவணியிலோ வந்த ரீகால் என்றால் இரண்டு மூன்று முகூர்த்தம் கைவிட்டுப் போகும். அட்வான்ஸ் வாங்கியிருந்தால் வாடகைக்குப் பாடி எடுத்து ஓட்ட வேண்டும். மார்கழிக்கும் ஆடிக்கும் அவர் தள்ளிப்போடுவதில் வியப்பென்ன? சாக்குச் சொல்கிறார் என்று கம்பெனி நினைக்கலாம். அவர் பார்ப்பது வரவு செலவு.

இந்த நட்டத்தைச் சட்டம் ஈடுகட்டுமா என்றால், ஓரளவுக்குத்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 20ஆம் பிரிவுப்படி, ஆபத்தான, பாதுகாப்பற்ற பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். தரமற்ற பிரஷர் குக்கர்களை விற்ற இணையத் தளம் ஒன்றுக்கு 2022இல் அப்படி உத்தரவு போனது. சூடேறி வீங்கும் பேட்டரி இந்த வரையறைக்குள் வரும். 2012இல் நிக்கான் திரும்பப் பெற்ற இஎன்-ஈஎல்15 பேட்டரிகள் இந்த வகைதான்; லாட் எண்ணின் ஒன்பதாவது எழுத்து இ அல்லது எஃப் என்றிருந்தவை. சென்சாரில் புள்ளி விழும் கேமராவால் யாருக்கும் காயம் படாது. ஆகவே அதற்கு ரீகால் என்பது கம்பெனி தானாக இறங்கிவந்து செய்வது. நாட்களுக்கு ஈடு கேட்கும் விதி அதில் கிடையாது. அதே சட்டத்தில் தயாரிப்பாளரின் பொறுப்பைப் பற்றிய அத்தியாயத்திலும் ‘தீங்கு’ என்பதற்குள் வணிக, பொருளாதார நட்டம் அடங்காது என்று வரையறையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். குறையுள்ள பொருள் என்று சாதாரணப் புகாராகக் கொண்டுபோனால் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவு கிடைக்கலாம். அதற்கு பெங்களூரோ டெல்லியோ போக வேண்டாம்; நாம் வசிக்கும் இடம் என்ற முறையில் கோலார் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

அங்கே எதிர்த்தரப்பு முதலில் தூக்கிப்போடும் வாதம், ‘இவர் நுகர்வோரே இல்லை, வியாபாரி’ என்பது. கோவை பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதை விரிவாக அலசியது. பிழைப்புக்காகத் தானே இயக்கும் கருவியை வாங்கியவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை போகாது. வாங்கி மற்றவர் கையில் கொடுத்துத் தொழில் நடத்துகிறவர் அதில் வரமாட்டார். நம் தொழிலுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. தானே படமெடுக்கும் ஸ்டூடியோக்காரர் தைரியமாகப் போகலாம். ஐந்து பாடி வாங்கி ஐந்து பையன்களை அனுப்புகிறவர் வக்கீலைக் கேட்டுவிட்டுப் போகட்டும். ஸ்டூடியோ பெயரில் பில் போட்டு, ஜி.எஸ்.டி. கழிவும் எடுத்திருந்தால் எதிர்த்தரப்புக்கு அதுவும் ஒரு பிடிதான். எப்படிப் பார்த்தாலும் வழக்கு ஜெயித்து வருகிற ஈடு, போன ஆவணியின் கல்யாணங்களைத் திருப்பித் தரப்போவதில்லை.

ஆகவேதான் மாற்று பாடி. இதைக் கேட்டதும், இலவச வேலையே பெரிய செலவு, இதற்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடுவார்கள் என்று நம்மவர்களே கம்பெனிக்காக வாதாடுவார்கள். பெரிய பிராண்டுகள் தொழில்முறை உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே பாடி கடன் தருகின்றன. என்ன, உறுப்பினராக வேண்டுமென்றால் உயர்ரகப் பாடியும் லென்ஸும் இத்தனை இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. இரண்டாவது பாடி உள்ளவருக்குக் கடன் கிடைக்கிறது, ஒற்றைப் பாடிக்காரருக்குக் கிடைப்பதில்லை. சாதாரணப் பழுதில் இந்தப் பாகுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். ரீகாலில் குறை தொழிற்சாலையிலேயே பிறந்தது, பாதிக்கப்பட்ட எண்கள் எவை என்று கம்பெனிக்கே தெரியும். எல்லோரும் ஒரே நாளில் வரத் தேவையில்லை. முறைவைத்து அழைத்தால் ஒரு சர்வீஸ் சென்டருக்குச் சில பாடிகள் சுழற்சியில் போதும். டீலர் கடைகளில் காட்சிக்கு வைத்திருக்கும் பாடிகளும் இருக்கின்றன. கொடுத்ததை உடைத்துவிட்டால் என்ன செய்வது என்றால், டெபாசிட் வாங்கிக்கொள்ளட்டும். அதை யாரும் மறுக்கப்போவதில்லை.

ரீகாலுக்குக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் சொல்லும் இன்னொரு காரணமான, பிரித்த பாடிக்கு மறுவிலை இல்லை என்ற பயத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சென்டரில், ரீகால் வேலை என்று எழுதி, மாற்றிய பாகத்தின் பெயரும் போட்ட ஜாப் ஷீட்டை வைத்திருங்கள். பட்டியலில் உள்ள எண்ணோடு, வேலை நடக்காமல் வரும் பாடிக்குத்தான் வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். பில் இல்லாமல் கிரே மார்க்கெட்டில் வாங்கியவர்கள் கதை வேறு. இந்திய வாரண்டி கார்டு இல்லாத பாடிக்கு இலவச வேலை கிடைத்துவிடும் என்று நம்பி ரயிலேற வேண்டாம். முதலில் எழுதிக் கேளுங்கள். வாங்கும்போது மிச்சம் பிடித்த தொகை இங்கேதான் கரையும்.

கம்பெனி இறங்கிவரும்வரை ஊருக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபிளாஷையும் லென்ஸையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது நமக்குப் புதிதில்லை. பாடிக்கும் அதை வாய்ப்பேச்சாக இல்லாமல் துண்டுச் சீட்டோடு செய்யலாம். எந்த ஸ்டூடியோவில் எந்த மவுன்ட், எந்த மாடல், எந்தக் கிழமைகளில் சும்மா இருக்கும் என்ற பட்டியல் ஆடி முடிவதற்குள் தயாரானால் ஆவணிக்கு உதவும். கொடுக்கும்போது வரிசை எண்ணையும் அன்றைய ஷட்டர் கவுண்ட்டையும் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். வாடகை முன்பே பேசிவிட வேண்டும். சேதமானால் யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். எந்த மெமரி கார்டு போகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: டி750-இல் இரண்டு எஸ்.டி. கார்டு போகும், இசட்8-இல் ஒரு பக்கம் சிஎஃப்எக்ஸ்பிரஸ் வேண்டும், அது எல்லாரிடமும் இருக்காது. கடன் வாங்கிய பாடியின் கடிகாரத்தை உங்கள் கடிகாரத்தோடு ஒத்துவைக்காமல் மண்டபத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் பிசகினால் ஆல்பம் போடுகிறவர் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் முகூர்த்தத்தை வைத்துவிடுவார்.